பெட்டிக்குள் விழுந்த மடிப்புகள்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மருமகள் எழுதுகிறாள். புத்தகத்தில் வருகிற மாதிரிதான் எழுதுவேன் என்று அவள் பிடிவாதம். எழுதிக்கொள், ஆனால் மற்றவர்கள் பேசினதைப் பேசினபடியே போடு என்று என் பிடிவாதம். முதல் பக்கம் முடிந்ததும் எதிர்வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டச் சொன்னேன். நான் சொன்னதுதான் இருந்தது. மருமகளுக்குக் கோபம் வந்துவிட்டது. வரட்டும். இத்தனை வருஷம் புடவைக் கடையில் இருந்தவள் எதையும் ஒருமுறை பிரித்துப் பார்க்காமல் வாங்க மாட்டாள்.

கடை தி.நகரில். பேர் வேண்டாம், இன்னும் அங்கேதான் வேலை. ராயப்பேட்டையில் பஸ் ஏறினால் உட்கார இடம் கிடைக்கும் நாளும் உண்டு, கிடைக்காத நாளும் உண்டு. கிடைத்தால் நன்றாக உட்கார்ந்துகொள்வேன். ஏனென்றால் கடைக்குள் போனால் மடிப்புப் பகுதிக்காரர்களான நாங்கள் நான்கு பேர் மட்டும்தான் தரையில் உட்காரலாம். மற்ற எல்லோரும் காலை முதல் கடை மூடும்வரை நிற்க வேண்டும்.

மடிப்பு என்றால் என்ன என்று கேட்பீர்கள். ஒரு அம்மா வருவாள். அறுபது புடவையைப் பிரித்துப் போடச் சொல்வாள். எல்லாவற்றையும் தோளில் போட்டுக் கண்ணாடியில் பார்ப்பாள். "கல்யாணம் தை மாசம்தான், அப்புறம் வர்றேன்" என்று போய்விடுவாள். அந்தக் குவியல் எங்களிடம் வரும். பிரிந்ததைப் பழையபடி மடித்து, மேலே ரேக்கில் நிற்பவரிடம் எறிவோம். நான் மூன்றாக மடித்து முனையை உள்ளே செருகிவிடுவேன். எறிந்தாலும் பிரியாது. அது என் மடிப்பு. கூட்டம் இல்லாத நேரத்தில் விற்பவர்களும் அவரவர் பகுதித் துணியை மடிப்பார்கள்; அதனால் கடையில் ஒவ்வொருவர் கைக்கும் ஒரு மடிப்பு உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன், அதில்தான் கதையே இருக்கிறது.

பழைய முதலாளி தெற்கத்திக்காரர். அண்ணாச்சி என்போம். நல்லவர் என்று சொல்லிவிட முடியாது. யாராவது அலுப்பில் கொஞ்சம் சுவரில் சாய்ந்தால் போதும். கல்லாவிலிருந்தே சத்தம் வரும்.

"ஏளா, சுவர் விழுந்துராது. நீ முட்டுக் குடுக்காண்டாம், விலகி நில்லு."

எல்லோரும் சிரிப்பார்கள், சாய்ந்தவளும் சிரிப்பாள், கால் மட்டும் வலித்துக்கொண்டே இருக்கும். ஆனால் அவரிடம் ஒன்று இருந்தது. திட்டினால் திட்டுகிறார் என்று தெரியும். சிரித்தால் சிரிக்கிறார் என்று தெரியும். அவருக்கு உடம்பு முடியாமல் போய், பிள்ளைகள் கடையை ஒரு கம்பெனிக்குக் கொடுத்துவிட்டார்கள். கம்பெனி ஒரு மேனேஜரை அனுப்பியது. மீசை இல்லாத, சின்ன வயது ஆள். வந்த முதல் நாள் என்னைப் பார்த்து, "குட் மார்னிங் மேடம்" என்றார்.

நான் பின்னால் திரும்பிப் பார்த்தேன். யாரும் இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

அதன் பிறகு ஒவ்வொன்றாக வந்தது. ஷட்டர் தூக்குமுன் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்ட வேண்டும். எதற்கு என்று கேட்டால், உற்சாகம் வருமாம். பிறந்த நாளுக்கு கேக் வெட்டினார்கள். என் ஆதார் கார்டில் ஜனவரி ஒன்று என்று போட்டிருக்கிறது. நான் பிறந்த நாள் என் அம்மாவுக்கே தெரியாது. என்னைப் போலக் கடையில் ஏழு பேர். ஏழு பேரும் சேர்ந்து ஒரே கேக்கை வெட்டினோம். மேனேஜர், "வாவ், என்ன ஒரு பொருத்தம்!" என்றார். அவர் கேலி செய்கிறாரா, நிஜமாகவே தெரியாமல் சொல்கிறாரா என்று இன்றுவரை புரியவில்லை.

அடுத்து மடிப்புக்கு ஒரு பிளாஸ்டிக் பலகை கொண்டுவந்தார். எல்லாப் புடவையும் அதன்மேல் வைத்து ஒரே மாதிரி மடிக்க வேண்டுமாம். ஊர் ஊராக அந்தக் கம்பெனிக்கு இருக்கிற கடைகளில் எல்லாம் அப்படித்தானாம். அவர் இருக்கும்போது பலகை மேல் மடித்தோம். போன பிறகு அதில் சாப்பாட்டு டப்பா வைத்தோம். வெயில் நாளில் விசிறிக்கொள்ளவும் வசதி.

பிறகு ஸ்டூல் வந்தது. நிற்பவர்களுக்கு உட்கார இடம் கொடுக்க வேண்டும் என்று சட்டம் வந்திருப்பதாகப் பேசிக்கொண்டார்கள். ஒரு நாள் காலை வந்து பார்த்தால் ஒவ்வொரு பகுதியிலும் நீல ஸ்டூல். எனக்குக் கண்ணீரே வந்தது. பட்டுப் பகுதியில் நிற்கிற பெண் முதல் ஆளாக உட்கார்ந்தாள். பட்டினப்பாக்கத்துக்காரி. அம்மா மீன் கூடை தூக்கியவள், இடுப்பு போனதால் இப்போது வீட்டில். புருஷன் போகிற படகு எப்போது போகும், எப்போது போகாது என்று யாருக்கும் தெரியாது. இவள் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு. சாயங்காலம் ஆனால் அவள் கால் வீங்கி, செருப்பு வார் அச்சுப் போலப் பதிந்திருக்கும்.

கேமராக்காரர் வந்தார். எல்லோரையும் உட்கார வைத்துச் சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தார். மறுநாள் ஸ்டூல்கள் இல்லை.

"ஆயா, நேத்து கீதேன்னு பாத்தேன், இன்னிக்குக் காணோமே?" என்று பட்டுக்காரி என்னிடம் கேட்டாள். கடையில் எல்லோருக்கும் நான் ஆயாதான்.

"போட்டோ எட்த்துட்டாங்கல்ல, அத்தோட சரி. குடோன்ல அடுக்கிக்கீறாங்க" என்றாள் காட்டன் பகுதிக்காரி.

வேட்டிப் பகுதியில் நிற்பவன் வாய்க்காரன். "போட்டோல நான் உக்காந்துகினு நல்லா சிரிச்சிகினு கீறேன். எங்க வூட்ல பாத்தாங்கன்னா, உனுக்கு இன்னாய்யா கஷ்டம், இந்தா பாத்திரம் தேய்னுவாங்க" என்றான்.

அந்த வாரமே மூன்றாவது மாடியில், நாங்கள் சாப்பிடுகிற இடத்தில், தண்ணீர் ஃபில்டருக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு பெட்டி மாட்டினார்கள். பூட்டுப் போட்ட பெட்டி. மேலே ஒரு சிரிக்கிற முகம் வரைந்திருந்தது. மேனேஜர் எங்களைக் கூட்டிவைத்துச் சொன்னார்.

"மனசுல இருக்கறத எழுதிப் போடுங்க. குறையும் சொல்லலாம். பேர் போட வேண்டாம். யார் எழுதினாங்கன்னு நாங்க கேக்கவே மாட்டோம்."

"கேக்க மாட்டாங்களாம். கேக்காமயே கண்டுபுட்ச்சிடுவாங்க" என்று வேட்டிக்காரன் என் காதில் சொன்னான்.

பெட்டிக்கு நேர் மேலே கேமரா இருந்தது. அது ஃபில்டருக்காக வைத்தது என்றார்கள். ஃபில்டரை யார் தூக்கிக்கொண்டு போகப்போகிறார்கள்? ஒரு வாரம் பெட்டி காலியாகவே இருந்தது. அப்புறம்தான் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஆயாம்மா, பெட்டிச் சாவி இனிமே உங்ககிட்ட. சனிக்கிழமை திறந்து, சீட்டெல்லாம் கவர்ல போட்டு என்கிட்ட குடுங்க. உங்களுக்குப் படிக்கத் தெரியாதுல்ல, அதனால யாரும் பயப்பட மாட்டாங்க."

படிக்காததற்கு எனக்குக் கிடைத்த முதல் பதவி அது. பொய் சொல்ல மாட்டேன், சாவியை இடுப்பில் செருகினபோது சந்தோஷமாகத்தான் இருந்தது. கீழே இறங்கினால் வேட்டிக்காரன் காத்திருந்தான்.

"இன்னா ஆயா, சாவி தொங்குது? சிஐடி ஆயிட்ட போல?"

"ஆமாண்டா, மொதல் கேஸே நீதான்."

இருந்தாலும் எனக்குப் படிப்பு இல்லை என்பதில் அவர்களுக்கு நம்பிக்கை வந்தது. சீட்டு விழ ஆரம்பித்தது. திடீரென்று எல்லோருக்கும் தாகம் எடுத்தது. தண்ணீர் பிடிக்கிற மாதிரி போய், டம்ளருக்கு அடியில் சீட்டை மறைத்துக்கொண்டு, அப்படியே பெட்டிக்குள் தள்ளுவார்கள். கையெழுத்து தெரியக் கூடாது என்று அதற்கும் ஏற்பாடு. காட்டன்காரி இடது கையால் எழுதினாளாம். வேட்டிக்காரன் தன் பெண் குழந்தையை எழுதச் சொன்னானாம். இதெல்லாம் பின்னால் தெரிந்தது.

முதல் சனிக்கிழமை பெட்டியைத் திறந்தேன். ஒன்பது சீட்டு. கவரில் போட எடுத்தவள் அப்படியே நின்றுவிட்டேன்.

முதல் சீட்டு நீளவாக்கில் நான்காக மடித்து, நடுவில் ஒன்றாக மடக்கி, கத்தி மாதிரி அழுத்தியிருந்தது. கல்யாண வேட்டியை அப்படித்தான் மடிப்பான் வேட்டிக்காரன். இரண்டாவது, உள்ளங்கையால் தட்டித் தட்டிச் சப்பையாக்கின மடிப்பு. காட்டன்காரி. அடுத்தது ரவிக்கைத் துணி மாதிரிச் சின்னச் சதுரம். அது ரவிக்கைத் துணி விற்கிற பெண். இன்னொன்று ஓரமும் ஓரமும் சேராமல் ஒரு விரல் அளவு வெளியே விட்டு, நகம் படாமல் மெதுவாக மடித்தது. ஜரிகை ஒடியாமல் இருக்கப் பட்டுப் புடவையை அப்படித்தான் மடிக்க வேண்டும். கடையில் அந்தக் கை ஒன்றுதான்.

பேரை மறைத்தார்கள், எழுத்தை மறைத்தார்கள், விரலை மறைக்க ஒருத்தருக்கும் தோன்றவில்லை! ஒன்பது சீட்டுக்கும் எனக்கு ஆள் தெரிந்தது. என்ன எழுதியிருக்கிறது என்று மட்டும் தெரியாது. எனக்கு வந்த சிரிப்பைச் சொல்லி முடியாது. அன்று பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன், அதுகூடத் தெரியவில்லை.

சந்தோஷம் வந்தால் எனக்கு வாய் நிற்காது. அதுதான் தப்பு. திங்கட்கிழமை சாப்பிடும்போது எல்லோர் நடுவிலும் சொல்லிவிட்டேன்.

"எவன்டா எனக்குப் படிப்பில்லேன்னது? மட்ச்ச சீட்டக் காட்டு, மட்ச்சவன் யாருன்னு நான் சொல்றேன். ஒம்போதும் சொல்வேன்!"

யாரும் சிரிக்கவில்லை. எல்லோரும் என் தலைக்கு மேலே பார்த்தார்கள். திரும்பினால் சூப்பர்வைசர் நின்றுகொண்டிருந்தார், கையில் வாக்கிடாக்கியோடு.

அவரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அண்ணாச்சி ஊர்க்காரர். என்னோடு எதிரும் புதிருமாக உட்கார்ந்து பத்து வருஷம் மடித்தவர். பிறகு மாடிக்குப் பொறுப்பாளர் ஆனார். புதுக் கம்பெனி வந்ததும் அவருக்குக் கோட்டும் வாக்கிடாக்கியும் கொடுத்தார்கள். சாப்பாடு மேனேஜர் அறையில். எங்களோடு பேச்சு குறைந்துவிட்டது. இரண்டு பேரை விற்பனையிலிருந்து குடோனுக்கு மாற்றி, அவர்கள் தாங்களாகவே வேலையை விட்டுப் போனபோது, பட்டியல் கொடுத்தது இவர்தான் என்று பேச்சு. மடிப்பைப் பார்த்து ஆளைச் சொல்ல என்னைத் தவிரக் கடையில் ஒருவரால் முடியும் என்றால் அது அவரால்தான்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டுப் போனார். தண்ணீர் குடிக்கத்தான் வந்தாரா?

பட்டுக்காரி படிக்கட்டில் என் கையைப் பிடித்தாள்.

"ஆயா, என்துகூடவா தெரிஞ்சிச்சி?"

"ஒரு வெரல் வெளிய வுட்டு மட்ச்சா கண்ணு தெரியாதவளுக்கும் தெரியுண்டி."

"நான் ஸ்டூலப் பத்தி எழுதிக்கீறேன் ஆயா. கோவத்துல என்னென்னமோ எழுதிட்டேன். அந்தாளு போய்ச் சொல்லிட்டாருன்னா குடோன்தான். குடோன்ல மூட்ட தூக்க இந்தக் காலு எங்க தாங்கும்? என் வேல போச்சின்னா வூட்ல இன்னா கீது?"

எல்லாம் என் வாயால் வந்தது. "நான் கீறேன்ல" என்று சொன்னேன். எனக்கே நம்பிக்கை இல்லை.

புதன்கிழமை மேனேஜர் கூப்பிட்டார். சூப்பர்வைசரையும் என்னையும். உள்ளே ஏசி, சந்தன வாசனை ஸ்பிரே. "உக்காருங்க ஆயாம்மா" என்று நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை. கடையில் ஒருவருக்கும் இல்லாத நாற்காலி எனக்கு மட்டும் ஏன்?

மேஜைமேல் ஒரு சீட்டு பிரிந்து கிடந்தது. அவர் படித்தார்.

"'ஸ்டூல் போட்டோவுக்கு மட்டுமா? லேபர் இன்ஸ்பெக்டர் வந்தா உண்மையச் சொல்லுவோம்.' இது குறை இல்ல, மிரட்டல். யாருன்னு தெரிஞ்சா கூப்பிட்டுப் பேசலாம். அவ்ளோதான். பயப்பட ஒண்ணும் இல்ல, சும்மா பேசத்தான். அவ்ளோதான்."

அவ்ளோதான் என்று இரண்டு தடவை சொன்னால் அது அவ்ளோதான் இல்லை. சூப்பர்வைசர் சீட்டைக் கையில் எடுத்தார். "இந்த எழுத்து யாரோடதுன்னு தோணுதா?" என்று மேனேஜர் கேட்டார்.

சூப்பர்வைசர் எழுத்தைப் பார்த்தார். பிறகு அவர் பெருவிரல் காகிதத்தில் இருந்த மடிப்புக் கோட்டைத் தொட்டது. நடுவில் விழாமல் ஒரு விரல் தள்ளி விழுந்த கோடு. விரல் அங்கேயே நின்றது. அவருக்குத் தெரிந்துவிட்டது.

"குடு இப்டி, நான் பாக்கறேன்" என்று அவர் கையிலிருந்து பிடுங்கினேன்.

"ஆயாம்மா, உங்களுக்குத்தான் படிக்கத் தெரியாதே?" என்றார் மேனேஜர்.

"படம் கிடம் எதுனா வரைஞ்சிக்கீதான்னு பாக்கறேன் சார்."

பார்த்துக்கொண்டே மடித்தேன். மூன்றாக மடித்து, நகத்தால் ஒவ்வொரு கோட்டையும் அழுத்தி, பிரித்து, வேறு பக்கமாக மறுபடி மூன்றாக மடித்து, அழுத்தி, முனையைச் செருகினேன். பழைய கோடு எது, என் கோடு எது என்று இனி யாராலும் சொல்ல முடியாது.

"அதை ஏன் மடிக்கிறீங்க?"

சூப்பர்வைசர்தான் பேசினார்.

"இவிய கையில எதக் குடுத்தாலும் மடிச்சிருவாவ சார். பழக்கம். ஏக்கா, அது சேலை இல்லக்கா, வச்சிருங்க." பிறகு மேனேஜரைப் பார்த்து, "எழுத்து சின்னப் பிள்ள எழுதுன மாதிரில்லா இருக்கு. கஸ்டமர் கூட வந்த பிள்ளைக எதும் போட்டிருக்கும்" என்றார்.

"மூணாவது மாடிக்குக் கஸ்டமர் ஏன் வரணும்?"

"பாத்ரூம் தேடி வருவாவ சார்."

மேனேஜர் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி. இந்த சனிக்கிழமை பெட்டிய என் முன்னாடியே திறக்கலாம்" என்றார்.

வெளியே வந்ததும் சூப்பர்வைசர் என்னைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் போய்விட்டார். என்னைக் காப்பாற்றினாரா, இல்லை சமயம் பார்த்துத் தனியாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்திருக்கிறாரா? பட்டுக்காரியிடம் போய், "சனிக்கெழம வரைக்கும் பேனாவத் தொடாத, தண்ணிகூட ஃபில்டர்ல குடிக்காத" என்று சொல்லிவிட்டு வந்தேன். அன்றைக்கும் அடுத்த நாளும் சூப்பர்வைசர் ஒவ்வொரு பகுதியாக நின்று, வாக்கிடாக்கியை அணைத்துவிட்டு, தணிந்த குரலில் ஏதோ பேசிக்கொண்டிருந்தார். வேட்டிக்காரனிடம், காட்டன்காரியிடம், ரவிக்கைத் துணிப் பெண்ணிடம். என் பக்கம் மட்டும் வரவில்லை. பட்டியல்தான் எடுக்கிறார் என்று நினைத்தேன். பனகல் பார்க் பக்கம் நடந்து போகும்போதெல்லாம் வேர்க்கடலை வாங்காமல் வர மாட்டேன். அந்த இரண்டு நாளும் வாங்கவில்லை.

சனிக்கிழமை. மேனேஜர், சூப்பர்வைசர், நான். பெட்டி மேஜைமேல். நானே சாவி போட்டேன். கவிழ்த்தேன்.

பொலபொலவென்று விழுந்தது. முப்பதுக்கு மேல் இருக்கும். எல்லாம் மூன்றாக மடித்து, நகத்தால் அழுத்தி, முனையை உள்ளே செருகியிருந்தது. கவிழ்த்த வேகத்தில் ஒன்றுகூடப் பிரியவில்லை. அத்தனையும் என் மடிப்பு. வாழ்நாளில் ஒரு எழுத்து எழுதாதவள் முப்பது சீட்டு எழுதிப் போட்ட மாதிரி கிடந்தது.

மேனேஜர் ஒன்றைப் பிரித்தார். இன்னொன்றைப் பிரித்தார். ஐந்தாறு பிரித்த பிறகு, "எல்லாத்துலயும் ஸ்டூல்தான். எழுத்து வேற வேற. ஆனா மடிப்பு ஒரே மாதிரி இருக்கு. ஒரே ஆள் வேலையா?" என்று கேட்டுவிட்டு என்னைப் பார்த்தார். புதன்கிழமை நான் மடித்தது ஞாபகம் வந்திருக்க வேண்டும்.

"எனக்கு எழுதத் தெரியாது சார்" என்றேன். அதைச் சொல்லும்போது அவ்வளவு பெருமை எனக்கு எப்போதும் வந்ததில்லை.

"நீங்கதான சார் சொன்னிய" என்றார் சூப்பர்வைசர், தரையைப் பார்த்தபடி. "கடையில எல்லாரும் ஒரே மாதிரி மடிக்கணும்னு. இப்பத்தான் பழகியிருக்காவ."

மேனேஜர் சீட்டுகளை எண்ணாமல் அப்படியே இழுப்பறையில் தள்ளினார். ஒருவரைக் குடோனுக்கு மாற்றலாம். முப்பது பேரை மாற்றினால் குடோன்தான் கடையாகும், கடை குடோனாகும்.

செவ்வாய்க்கிழமை குடோனிலிருந்து ஸ்டூல்கள் இறங்கின. காலையில் கை தட்டி முடித்ததும் மேனேஜர், "கஸ்டமர் இல்லாதப்ப உக்காரலாம்" என்று மட்டும் சொல்லிவிட்டு அறைக்குள் போய்விட்டார். யாரும் உடனே உட்காரவில்லை. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள், நானும் பார்த்தேன், கேமராக்காரர் வருகிறாரா என்று. பட்டுக்காரிதான் கடைசியில் உட்கார்ந்தாள், பஸ்ஸில் அடுத்த ஸ்டாப்பில் இறங்கப் போகிறவள் மாதிரி, நுனியில்.

"நல்லா உக்காருடி, அது ஒண்ணும் கட்ச்சிடாது" என்றேன்.

"இரு ஆயா, போட்டோ எடுக்கறாங்களான்னு பாத்துகினு உக்கார்றேன்."

மத்தியானம் சூப்பர்வைசர் தண்ணீர் குடிக்க வந்தார். எங்களோடு சாப்பிட உட்காருவார் என்று நினைத்தேன். உட்காரவில்லை.

"நீதான சொன்ன எல்லார்கிட்டயும், என்ன மாதிரி மடிக்கச் சொல்லி?" என்று கேட்டேன்.

"என்னத்தக்கா?" என்றார். டம்ளரைக் கவிழ்த்து வைத்துவிட்டு, வாக்கிடாக்கியைக் காதில் வைத்துக்கொண்டு படியிறங்கினார். அதில் யாரும் பேசுகிற சத்தம் கேட்கவில்லை.

அந்த ஆளை இன்னும் முழுசாக நம்பவில்லை நான். மேனேஜரையும்தான். பெட்டி அங்கேயே இருக்கிறது, சாவி என் இடுப்பில் இருக்கிறது. சனிக்கிழமைதோறும் திறக்கிறேன். இன்னும் எல்லாச் சீட்டும் மூன்று மடிப்பும் செருகலுமாகத்தான் விழுகிறது. யார் எது எழுதினார்கள் என்று எனக்கே தெரிவதில்லை. ஒரே ஒரு சீட்டு மட்டும் சில வாரங்களில், முனை செருகியிருந்தாலும், நகம் படாமல் மெதுவாக மடித்திருக்கும். அதை எடுத்து நான் ஒருமுறை நகத்தால் அழுத்திவிட்டுத்தான் கவரில் போடுகிறேன்.